'கையுறை வழங்கப்பட்டது' என்று எழுதும் முன்: சைட் பாதுகாப்பு அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

கட்டுமான சைட்டுகளில் பாதுகாப்பு அலுவலர்களாகவும் பொறியாளர்களாகவும் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவோடு ரேஷன் கடைக்குப் போனேன். கைரேகை மெஷினில் அப்பா வலது கட்டைவிரலை வைத்தார். ஏற்கவில்லை. ஆள்காட்டி விரலை வைத்தார். அதுவும் இல்லை. வேட்டியில் துடைத்துவிட்டு இடது கையில் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தார். வரிசையில் பின்னால் நின்றவர், "கொஞ்சம் எண்ணெய் தேச்சிட்டு வைங்கண்ணே" என்றார். கடைசியில் தம்பியை வரச்சொல்லி, அவன் விரலை வைத்துத்தான் அரிசியும் பருப்பும் வாங்கினோம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு இது பழகிப்போன விஷயம். எனக்குத்தான் வீடு வரும்வரை பேச்சு வரவில்லை.

அப்பா கொத்தனார். 36 வருஷம் பூச்சு வேலை செய்தவர். அந்தக் கையில் ரேகை இல்லாமல் போனது ஒரு நாளில் நடந்ததில்லை. மணல் தேய்த்தது பாதி, சிமெண்ட் அரித்தது பாதி.

நானும் உங்களில் ஒருத்திதான். ஒன்பது வருஷமாக சைட் பாதுகாப்பு வேலை பார்க்கிறேன். அன்று இரவு மடிக்கணினியைத் திறந்து, இதுவரை நான் கையெழுத்துப் போட்ட இடர் மதிப்பீட்டுப் படிவங்களை எடுத்துப் பார்த்தேன். ஆறு சைட். ஆறிலும் ஒரே வரி: "சிமெண்ட் கலவை தோலில் படுதல். கையுறை வழங்கப்பட்டது. வாய்ப்பு 2, பாதிப்பு 2, மொத்தம் 4. இடர்: குறைவு." பச்சை நிறம். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியதை நான் எடுத்து ஒட்டியிருக்கிறேன். அவர் யாரிடமிருந்து எடுத்தாரோ தெரியாது. கொத்தனார் மகள் நான், அந்த வரியை ஆறு முறை ஒட்டியிருக்கிறேன். இந்த மடலை எழுத எனக்கு அது ஒன்றே போதும்.

வாய்ப்புக்கும் பாதிப்புக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட்டு, இரண்டையும் பெருக்குகிற படிவம் இது. அந்த '2'-ஐப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

நம் படிவம் விபத்துக்காகச் செய்யப்பட்டது. சாரத்திலிருந்து ஆள் விழுவது, கம்பி சரிவது, கரண்ட் அடிப்பது, இவையெல்லாம் எப்போதாவது நடப்பவை. அதனால் 'நடக்க எவ்வளவு வாய்ப்பு' என்று கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. சிமெண்ட் தோலில் படுவது அப்படியா? காலை எட்டரைக்குப் படத் தொடங்குகிறது, மாலை ஐந்தரை வரை பட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த வேலையே அதுதான். பூச்சு வேலையில் கலவை கையில் படாத ஒரு நாளை எந்தக் கொத்தனாராலும் சொல்ல முடியாது. அப்படியிருக்க வாய்ப்பு எப்படி 2 ஆகும்? 5-தான். ஐந்துக்கு மேல் கட்டம் இருந்தால் அதுவும்தான்.

பாதிப்புக்கு நாம் போட்ட 2 சரியா என்று பார்ப்போம்.

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கொஞ்சம் கூடிவிட்டால் நாக்கு வெந்துபோகும் என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். சிமெண்டில் தண்ணீர் பட்டதும் உண்டாவதும் அதே சுண்ணாம்புதான், கால்சியம் ஹைட்ராக்சைடு. அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு, ஈரக் கலவைக்கு 12-லிருந்து 13 வரை போகும். நம் தோல் லேசான அமிலத் தன்மை உள்ளது, பிஎச் சுமார் 5. இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதைப் பள்ளியில் படித்திருப்போம். 5-க்கும் 12-க்கும் நடுவே ஏழு படி. அதாவது காரத்தன்மையில் ஒரு கோடி மடங்கு வித்தியாசம். வெற்றிலைச் சுண்ணாம்பை விரல் நுனியில் தொட்டுத் தடவுகிறோம். கலவையில் கையை நாள் முழுக்க வைத்திருக்கிறோம்.

காய்ந்த தூள் ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறவர்கள் உண்டு. மூட்டை தூக்குகிற ஆளின் கழுத்தில் வேர்வை இருக்கிறதே, அது போதும் அந்தத் தூள் ஈரமாவதற்கு.

இதில் மிக மோசமான விஷயம், சுடும்போது வலிப்பதில்லை. அமிலம் பட்டால் உடனே எரியும், கையை உதறிவிடுவோம். காரம் அப்படியில்லை. தோலின் கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டு மெதுவாக உள்ளே இறங்கும். பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். நான் வேலை பார்த்த ஒரு சைட்டில், தளம் போட்ட நாளில் ஒரு பையன் ஈரக் கான்கிரீட்டில் மண்டியிட்டு மட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். சென்னைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பேண்ட் முட்டிவரை ஊறியிருந்தது. மதியம் "கொஞ்சம் அரிக்கிது" என்றான். மேஸ்திரி சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கச் சொன்னார். நானும் கடந்து போனேன். ராத்திரி பதினோரு மணிக்கு ஷெட்டிலிருந்து போன் வந்தது. முட்டித் தோல் கறுத்து, நடுவில் வெந்த மாதிரி இருந்தது. ஆழமான சிமெண்ட் புண் தானாக ஆறாது, வேறு இடத்துத் தோலை எடுத்து வைத்துத் தைக்க வேண்டிவரும். அவனுக்கும் அதுதான் நடந்தது. அந்த வாரப் படிவத்திலும் 'இடர்: குறைவு' என்றுதான் இருந்தது. அந்தக் கையெழுத்து என்னுடையது.

சுடுவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் குரோமியம். இதை நம் ஆட்களில் அனேகம் பேர் கேள்விப்பட்டதே இல்லை. சிமெண்ட் செய்யும் சுண்ணாம்புக்கல்லிலும் களிமண்ணிலும் துளித் துளியாகக் குரோமியம் இருக்கும். சூளையில் 1450 டிகிரி வெப்பத்தில் அதில் ஒரு பகுதி, தண்ணீரில் கரையக்கூடிய ஆறிணைதிற வடிவத்துக்கு (குரோமியம்-6 என்பார்கள்) மாறுகிறது. ஒரு கிலோவுக்குச் சில மில்லிகிராம்தான். ஆனால் கரைவதால் தோலுக்குள் போகிறது. காரம் ஏற்கெனவே தோலைத் திறந்து வைத்திருப்பதால் இன்னும் சுலபமாகப் போகிறது. சில பேரின் உடம்பு ஒரு கட்டத்தில் அதை எதிரியாக அடையாளம் கண்டுகொள்ளும். அப்புறம் வாழ்நாள் முழுக்க மறக்காது. பத்து வருஷம் ஒன்றும் ஆகாமல் வேலை செய்தவருக்குப் பதினோராவது வருஷம் வரலாம். வந்துவிட்டால் சிறு அளவு பட்டாலே கை வெடிக்கும், நீர் கோக்கும், புண்ணாகும். குரோமியத்தில் பதனிட்ட தோல் செருப்பு போட்டால்கூட காலில் வரும். "உடம்பு சூடு", "ரத்தம் கெட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டு களிம்பு வாங்கித் தடவுவார்கள். வேலையை விட்டால் குறையும், திரும்பினால் வரும். கடைசியில் தொழிலையே விட்டுவிடுவார்கள். 45 வயதில் ஒரு கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தால் வாட்ச்மேன் வேலைக்குப் போகிறார், பாதிச் சம்பளத்துக்கு. இதற்கும் நாம் பாதிப்பு 2 என்று போட்டோம்.

இப்போது சொல்லுங்கள், ஐந்தை இரண்டு என்று ஏன் எல்லோரும் எழுதுகிறோம்?

எனக்குத் தோன்றும் காரணம், தோலை அளக்க நம்மிடம் மீட்டர் இல்லை. காற்றை அளக்க இருக்கிறது. தூசி எவ்வளவு, வெல்டிங் புகை எவ்வளவு, எல்லாவற்றுக்கும் ஒரு எண் வரும், அந்த எண்ணை வரம்போடு ஒப்பிடலாம். 2025 வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைச் சட்டம் 1948-இன் இரண்டாம் அட்டவணையைப் பாருங்கள். ரசாயனங்களுக்கான வரம்பெல்லாம் காற்றில் எவ்வளவு என்பதற்குத்தான். அனிலின், ஃபீனால் மாதிரி சிலவற்றின் பக்கத்தில் 'தோல்' என்று ஒரு சொல் இருக்கும். தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், காற்றை மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாக இருக்காதே என்று எச்சரிக்கிற சொல் அது. எவ்வளவு பட்டால் ஆபத்து என்ற எண் அங்கே கிடையாது. சிமெண்ட் போல, பட்ட இடத்தையே கெடுக்கும் பொருளுக்கு அந்தச் சொல்லும் பயன்படாது.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் 2009-இல் இந்த ஒற்றைச் சொல்லைப் பிரித்து மூன்றாக்கியது. தோலைத் தாண்டி உள்ளே போய் மற்ற உறுப்புகளைக் கெடுக்குமா, பட்ட இடத்தையே கெடுக்குமா, ஒவ்வாமையை உண்டாக்குமா என்று மூன்று தனிக் கேள்விகள். இது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. 'தோல் தொடர்பு' என்று பொதுவாக எழுதும்போது எல்லாம் 2 ஆகிவிடுகிறது. மூன்றாகப் பிரித்துக் கேட்டால், சிமெண்டுக்கு இரண்டாவதிலும் மூன்றாவதிலும் 'ஆமாம்' என்றுதான் எழுதியாக வேண்டும். சிமெண்டின் பாதுகாப்புத் தரவுத் தாளை வாங்கிப் பாருங்கள், அதிலேயே ஹெச் 315, ஹெச் 317 என்று இருக்கும். முதலாவது தோல் எரிச்சல், அடுத்தது தோல் ஒவ்வாமை. நாம் கோப்பில் வைத்துப் பூட்டுகிற அதே தாள்தான்.

சரி, மீட்டர் இல்லாமல் எப்படி மதிப்பிடுவது? நின்று பார்ப்பதுதான் வழி. இதற்கு நான் ஒரு முழு நாளை ஒதுக்கினேன். கையில் ஒரு நோட்டு, ஒரு பேனா, ஆய்வுக்கூடப் பொருள் கடையில் வாங்கிய பிஎச் தாள் ஒரு கட்டு. சாரம், ஹெல்மெட் எதையும் பார்க்கவில்லை. யார் தோலில், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்பதை மட்டும் பார்த்தேன்.

முதலில் தப்பாகிப்போனது என் நினைப்பு. கொத்தனார் கைதான் பிரச்சினை என்று நினைத்திருந்தேன். சித்தாள் பெண்களைப் பார்த்ததும் அது மாறிவிட்டது. கலவைச் சட்டியைத் தலையில் வைப்பதற்குத் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைக்கிறார்கள். சட்டியின் விளிம்பில் வழிகிற கலவைத் தண்ணீர் முதலில் சும்மாட்டில் இறங்குகிறது. அப்புறம் நெற்றி, காதோரம், பிடரி. வேர்வையோடு சேர்ந்து முதுகுக்குள் போகிறது. பதினொரு மணி டீக்கு உட்கார்ந்தபோது ஒரு அக்காவிடம் கேட்டுச் சும்மாட்டில் பிஎச் தாளை ஒற்றினேன். கருநீலம், 12. இரண்டரை மணி நேரமாக அந்தத் துணி அவர் தலையில் இருந்திருக்கிறது. "தலை அரிக்குதுன்னு பேன் மருந்து போட்டேன் கண்ணு" என்றார். எந்தப் படிவத்தில் 'சும்மாடு' என்ற சொல் இருக்கிறது?

அடுத்தது டிரம். நம் சைட்டுகளில் கரண்டி, மட்டப்பலகை, சட்டி எல்லாவற்றையும் ஒரே டிரம்மில்தான் அலசுகிறோம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரும் கை கழுவுவதும் அதே டிரம்மில். அந்தத் தண்ணீரிலும் தாளை நனைத்தேன். அதுவும் 12-தான். ஒரு நாள் முழுக்கச் சிமெண்டைக் கழுவிய தண்ணீர் வேறெப்படி இருக்கும்? கழுவுகிறோம் என்று நம்பி மறுபடி சுண்ணாம்புத் தண்ணீரில் கையை முக்குகிறார்கள். 'கை கழுவும் வசதி உள்ளது' என்று நான் எழுதிய வரி அந்த டிரம்மைப் பற்றியது.

தளம் போடும் நாள் தனிக் கதை. ரப்பர் செருப்போடு கான்கிரீட்டில் நிற்கிறார்கள். பாதிப் பேர் செருப்பும் இல்லாமல். பூட்ஸ் போட்டிருந்தவர்களில் இரண்டு பேருக்கு மேல்பக்கத்திலிருந்து கலவை உள்ளே போய், அங்கேயே தங்கி, மூன்று மணி நேரம் காலை ஊறவைத்திருந்தது. பூட்ஸ் போடாதவர்களைவிட அவர்கள் நிலைமை மோசம். மாலையில் ஒருவர் சட்டையை மாற்றாமல் பைக்கில் ஏறினார். வீட்டில் கைக்குழந்தை இருப்பதாகச் சொன்னார்.

நான் இத்தனை வருஷமாக மதிப்பிடவே இல்லை என்பது அந்த ஒரு நாளில் புரிந்தது.

இப்போது கையுறை. 'வழங்கப்பட்டது' என்று நாம் எழுதும் கையுறை எது? நான் பார்த்த சைட்டுகளில் பெரும்பாலும் பருத்தி நூல் கையுறை. கம்பி கட்டுகிறவர்களுக்கு அது நல்லது. கலவைக்கு அது ஆபத்து. தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, ஈரச் சிமெண்டைத் தோலோடு ஒட்டிவைத்துக் கட்டுப் போட்ட மாதிரி ஆகிவிடும். அதைவிட வெறுங்கை மேல், இடையிடையே கழுவவாவது செய்வார்கள். தோல் கையுறையும் ஊறும். கலவைக்கு வேண்டியது நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் அல்லது பிவிசி பூசிய, தண்ணீர் புகாத, மணிக்கட்டுக்கு மேல் நீளமான கையுறை.

எந்தப் பொருளுக்கு எந்தக் கையுறை என்பது சாதாரண விஷயம் இல்லை. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த கேரன் வெட்டர்ஹான் 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்குரி என்ற பாதரச நச்சோடு வேலை செய்தபோது சில துளிகள் கையுறைமேல் விழுந்தன. விதிப்படி லேடெக்ஸ் கையுறை போட்டிருந்தார். அந்தப் பொருள் லேடெக்ஸைச் சில விநாடிகளில் கடந்துவிடும் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. 1997 ஜூனில் இறந்துபோனார். நம் சைட்டில் அவ்வளவு கொடிய பொருள் இல்லை. ஆனால் கையுறை போட்டிருந்தார் என்பது மட்டும் அவரைக் காப்பாற்றவில்லை என்பதை நான் மறக்க விரும்பவில்லை. தின்னரில் கை வைக்கும் பெயிண்டருக்கும் கலவையில் கை வைக்கும் கொத்தனாருக்கும் ஒரே பெட்டியிலிருந்து ஒரே கையுறையை எடுத்துக் கொடுப்பது சரியில்லை.

கொடுத்தாலும் போட மாட்டேன் என்கிறார்கள் என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. உண்மைதான். அப்பாவிடமே கேட்டேன். "கையிலதான் பாப்பா கண்ணு இருக்கு. உறையப் போட்டா கண்ணக் கட்டிவிட்ட மாதிரி" என்றார். கலவை பதமா, சுவர் ஈரம் இழுத்துவிட்டதா, மூலை நூல் பிடித்திருக்கிறதா, எல்லாம் விரல் நுனியில்தான் தெரியும். இதை 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதி நோட்டீஸ் கொடுக்கிறோம். நாற்பது டிகிரி வெயிலில் உள்ளே வேர்த்து ஊறும் கையுறையை நாம் ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்திருக்கிறோமா? நான் போட்டுப் பார்த்தேன். ஐம்பது நிமிஷத்தில் கழற்றிவிட்டேன். அதனால்தான் சொல்கிறேன், கையுறை கடைசி வழி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன, அவை ஆட்களின் கையில் இல்லை, நம் கையிலும் வாங்குகிறவர்கள் கையிலும் இருக்கின்றன.

குரோமியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டென்மார்க்கில் 1980-களின் தொடக்கத்திலேயே சிமெண்டில் கொஞ்சம் இரும்பு சல்பேட் சேர்க்கத் தொடங்கினார்கள். அது கரையும் குரோமியத்தைக் கரையாத வடிவத்துக்கு மாற்றிவிடும். தொழிலாளர்களிடம் குரோமிய ஒவ்வாமை நன்றாகக் குறைந்தது. 2005 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும், கைபடும் வேலைக்கான சிமெண்டில் கரையும் குரோமியம் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். சேர்த்த சல்பேட் நாளாக நாளாக வலுவிழக்கும் என்பதால் மூட்டையில் எத்தனை நாளைக்குள் பயன்படுத்த வேண்டும் என்றும் அச்சிட வேண்டும். ஒரு கையுறைகூட மாற்றாமல், ஒரு தொழிலாளியிடமும் ஒத்துழைப்புக் கேட்காமல் நடந்த மாற்றம் இது. நம் சைட்டுக்கு வரும் சிமெண்டின் பரிசோதனைச் சான்றிதழில் வலிமை இருக்கும், இறுகும் நேரம் இருக்கும், நுண்மை இருக்கும். நான் இதுவரை பார்த்த எதிலும் கரையும் குரோமியம் என்று ஒரு வரி இருந்ததில்லை. கொள்முதல் பிரிவுக்கு ஒரு கடிதம் போட்டு அதைக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் பதில் வராது. ஐம்பது சைட்டிலிருந்து கேட்டால் வரும்.

மற்றபடி சின்ன ஏற்பாடுகள்தான். எங்கள் சைட்டில் கருவி அலசும் டிரம்மையும் கை கழுவும் இடத்தையும் பிரித்தோம். கை கழுவக் குழாய்த் தண்ணீர், பக்கத்தில் சாதாரணக் குளியல் சோப்பு. செலவு ஆயிரத்து இருநூறு ரூபாய் ஆனது. சும்மாட்டுக்கு அடியில் வைக்க ரெக்சின் துண்டு வெட்டிக் கொடுத்தோம், ஆளுக்கு இரண்டு சும்மாட்டுத் துணி, மதியம் மாற்றிக்கொள்ள. மண்டியிட ஒரு பலகை. நீளக் கைப்பிடி மட்டப்பலகை. கலவை ஊறிய துணியை உடனே கழற்றி இருபது நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும் என்பதைக் காலை மீட்டிங்கில் சொல்கிறோம். தேங்காய் எண்ணெயை வேலைக்கு முன்னால் கவசமாகத் தடவ வேண்டாம், வேலை முடிந்து கழுவிய பிறகு தடவுங்கள் என்றும் சொல்கிறோம். இதெல்லாம் போதுமா என்றால் போதாது. ஆனால் படிவத்தில் எழுத இப்போது உண்மையான வரிகள் இருக்கின்றன.

சிமெண்ட் மட்டும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கான்கிரீட்டுக்கு அச்சாக வைக்கும் சென்ட்ரிங் தகட்டில் தடவப் பழைய என்ஜின் ஆயில் வாங்குகிறோமே, அது வேண்டவே வேண்டாம். எரிந்த ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கும் கரிமப் பொருள்கள் இருக்கின்றன. லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-இல், புகைபோக்கி துடைப்பவர்களுக்கு வரும் புற்றுநோய்க்குக் காரணம் தோலில் படிந்த கரி என்று கண்டுபிடித்தார். அந்தக் கரியில் இருந்த அதே வகைப் பொருள்தான். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் தெரிந்ததை நாம் இன்னும் வெறுங்கையால் தடவிக்கொண்டிருக்கிறோம். டைல்ஸ் ஒட்டியபின் ஆசிட் ஊற்றித் துடைப்பம் போடுவது எப்போதும் பெண்கள் வேலையாக இருக்கிறது, வெறுங்காலோடு. டைல்ஸ் இடுக்கை அடைக்கும் எபாக்சி க்ரவுட் இன்னொன்று. அதன் ஒவ்வாமை சில வாரத்திலேயே பிடித்துக்கொள்ளும். பெயிண்டர்கள் மாலையில் தின்னராலும் மண்ணெண்ணெயாலும் கை கழுவுவது, பெயிண்டைவிடக் கெடுதல். ஒவ்வொன்றுக்கும் அந்த மூன்று கேள்வி.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. ரசாயனமும் பெயிண்டும் நேரடியாகப் படுவதால் வரும் தோல் அழற்சி, தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக இருந்தது. அதன் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த, 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த வரி இருக்கிறது. நான் என் ஒன்பது வருஷத்தில் ஒரு முறைகூட அப்படித் தெரிவித்ததில்லை. நோய் இல்லாமலா? யாரும் கையைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். வேலை போய்விடும் என்று அவர்களும் காட்டுவதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் ஒட்டுப் பரிசோதனை செய்வார்கள். முதுகில் சிறு ஒட்டுகளாகப் பொருள்களை ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பார்ப்பார்கள். குரோமியத்துக்குப் பொட்டாசியம் டைகுரோமேட் ஒட்டு உண்டு. பரிசோதனைக்குப் போகிறவருக்கு அந்த நாள்களின் கூலியை நிறுவனம் கொடுக்கும், ஒவ்வாமை என்று தெரிந்தால் வேறு வேலை கொடுக்கும் என்ற உறுதியை முதலில் எழுத்தில் வாங்குங்கள். அது இல்லாமல் கையை நீட்டச் சொல்வது நியாயமில்லை.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு நாள், ஒரே ஒரு நாள், பிஎச் தாளோடு சைட்டில் நில்லுங்கள். டிரம்மில் நனையுங்கள், சும்மாட்டில் ஒற்றுங்கள், பூட்ஸுக்குள் பாருங்கள். அப்புறம் அந்த எண்ணை எழுதுங்கள்.

போன வாரம் அப்பாவுக்கு ஒரு மெல்லிய நைட்ரைல் கையுறை வாங்கிக்கொண்டு போனேன். வீட்டுத் திண்ணையில் ஒரு சின்ன ஒட்டு வேலை இருந்தது. போட்டுக்கொண்டு பூசினார். முடித்ததும் மூன்று குறை சொன்னார். விரல் நுனி ஒரு சுற்றுப் பெரியதாக இருக்கிறது, அதனால் மூலையில் பதம் தெரியவில்லை. கையை மேலே தூக்கும்போது மணிக்கட்டு வழியாகக் கலவை உள்ளே இறங்குகிறது, விளிம்பு மடித்துத் தைத்திருந்தால் நிற்கும். கரண்டிப் பிடி வழுக்குகிறது. மூன்றையும் அப்படியே எழுதி, கையுறை வாங்கும் கடைக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். உங்கள் சைட்டுக் கொத்தனார்களும் சித்தாள்களும் சொல்லும் குறைகளை எழுதி அனுப்புங்கள், சேர்த்துக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
சைட் பாதுகாப்பு அலுவலர், ஒரு கொத்தனாரின் மகள்